டிரைவரின் தவறு

பதினாலாம் நம்பர் மெஷினிலிருந்து கழற்றி வந்த பெட்டி மேசைமேல் இருந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். மூடி இடுக்குகளில் பஞ்சு அடைந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் பஞ்சு பழுப்பாகக் காய்ந்திருந்தது. வேல்பாண்டி அந்த மூலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு பிளக்கைச் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது. மூடிச் சுவிட்சின் ஒயரை உருவினான். பெட்டிக்குள் ‘டக்’ என்று ரிலே விழுந்தது.

நூல் மில்லாக இருந்தால் அந்த ‘டக்’கோடு மோட்டார் நின்றிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினான். பச்சை. ஒயர். டக். காலையிலிருந்து இது நாற்பத்தோராவது தடவை.

“வேலை செய்யுதுல்லா?” என்றார் தங்கப்பாண்டியன். அவர்தான் முதலாளி. பெட்டி செய்யும் கம்பெனி என்பது ராஜபாளையம் தென்காசி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒரு மாடி. நாலு மேசை, ஐந்து நாற்காலி. ஒரு நாற்காலிக்கு மூன்று கால்தான். வருகிறவர்களை அதில் உட்கார விடாமல் பார்த்துக்கொள்வதும் வேல்பாண்டியின் வேலைகளில் ஒன்று.

“செய்யுது அண்ணாச்சி.”

“அப்ப எழுதிக் குடுத்துரு. பெட்டி நல்லாருக்கு, அந்தப் பிள்ளைதான் கவனமில்லாம கைய விட்டுருச்சுன்னு. மில்லுல நேத்துலருந்து கேட்டுக்கிட்டு இருக்காக.”

வேல்பாண்டி நாற்பத்திரண்டாவது தடவைக்குப் பிளக்கைப் பிடுங்கினான்.

நூல் நூற்கும் மெஷினின் கோடியில் பல்சக்கரங்களை மூடிய தகடு ஒன்று உண்டு. எப்போதாவது பஞ்சு சுற்றிக்கொண்டால் அதைத் திறந்துதான் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் மெஷினின் மறுகோடிக்கு நடந்துபோய் நிறுத்திவிட்டு வந்து திறப்பார்கள். இந்தப் பெட்டி வந்தபிறகு அந்த நடை மிச்சம். பச்சை எரிந்தால் பெட்டி காவலுக்கு இருக்கிறது என்று பொருள். மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். இருபத்தினாலு மெஷினுக்கும் பெட்டி மாட்டிய அன்று, மெஷின் பார்க்கும் பெண்களை வரிசையாக நிற்கவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தவன் வேல்பாண்டி. மாரீஸ்வரி ஒருத்திதான் கேள்வி கேட்டாள்.

“பச்சயும் எரிஞ்சு, மெஷினும் நிக்கலைன்னா என்ன செய்ய?”

“அப்படி ஆச்சுன்னா எம் பேர மாத்திக்கிடுதேன்க்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். அது நடந்த பன்னிரண்டாம் நாள், மத்தியான ஷிப்டு ஏறியதும், பெட்டி மாட்டியபின் முதல் தடவையாகப் பஞ்சு சுற்றிக்கொள்ள, அவள் மூடியைத் திறந்து, மெஷின் நின்றுவிடும் என்று நம்பிக் கையை விட்டாள். வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. பச்சை எரிந்தது என்று அவள் சொல்கிறாள். எரிந்திருந்தால் மெஷின் நின்றிருக்கும், ஆகவே எரியவில்லை, ஆகவே பொய் சொல்கிறாள் என்கிறது மில்.

பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சையும் விளக்கையும் ரிலேயையும் வேலை வாங்கும் நிரலை எழுதியவன் வேல்பாண்டி. அந்த மாதிரி நிரலுக்கு டிரைவர் என்று பேர். இந்தப் பேரால் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. சோழபுரத்தில் அவன் அம்மா பாலம்மாள் பெண் வீட்டாரிடம், “எம் மவன் டிரைவர் எழுதுதான்” என்று சொல்லப்போக, அவர்கள், “எந்த ரூட்டு?” என்று கேட்டார்கள். ஓட்டுவதில்லை, எழுதுவதுதான் என்று இவன் விளக்கியதும் பெண்ணின் தகப்பனார் முகம் இன்னும் சுருங்கிவிட்டது. “அப்ப கண்டக்டரா?”

இந்தக் கதையை வேல்பாண்டி எங்கே போனாலும் சொல்வான். ஆனால் மூன்று நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

மில்லின் ஃபிட்டர் இருளப்பசாமிக்குப் போன் போட்டான். பின்னால் மெஷின்களின் இரைச்சல் கேட்டது.

“அண்ணே, பெட்டிய நீங்க தெனம் என்ன செய்வீய? மொதல்லருந்து சொல்லுங்க.”

“என்னத்தச் செய்ய தம்பி, நீங்க சொன்னதுதான். ஷிப்டு மாறயில சக்கரத்தத் தொடைக்கணும். மூடியத் தொறந்து வச்சு மெஷின மெள்ள உருட்டணும். பெட்டி சும்மா இருந்தாத்தான உருளும்? அதனால போன்ல ‘எறக்கு’ அமுக்குவேன். டிரைவர் எறங்கிரும். தொடைச்சு முடிச்சு ‘ஏத்து’ அமுக்குவேன். பச்ச எரியுதான்னு பாப்பேன். அடுத்த மெஷினுக்குப் போயிருவேன்.”

“கரண்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ண மாட்டியளா?”

“அதெப்படி? ஆஃப் பண்ணா உங்க பெட்டில ஓடுற உற்பத்திக் கணக்கு அழிஞ்சிரும்ல. கணக்குக் கேக்குற மாஸ்டர் என்னய அழிச்சிருவாரு.”

வேல்பாண்டி போனை வைத்தான். நாற்பத்திரண்டு தடவையும் தான் பிளக்கைப் பிடுங்கியே சோதித்திருப்பது அப்போதுதான் உறைத்தது. இதற்கு முன் டிரைவரை எழுதிய மாதங்களிலும் அப்படியேதான். இந்த மேசையில் பெட்டியின் சர்க்யூட் பலகை அடிக்கடி மயங்கி நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்குவது கைக்குப் பழகிவிட்டது. ‘இறக்கு’, ‘ஏத்து’ இரண்டையும் எழுதியது அவன். ஒருநாள்கூட ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கிப் பார்த்ததில்லை.

‘இறக்கு’ அமுக்கினான். டிரைவர் இறங்கிவிட்டதாகத் திரை சொன்னது. விளக்கு அணைய வேண்டும். பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

‘ஏத்து’ அமுக்கினான். ஃபிட்டரின் போனில் தெரியாத ஒரு வரி இங்கே திரையில் வந்தது. கடைசியில் மைனஸ் பதினாறு. கேட்டது கிடைக்கவில்லை, வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிரைவர் ஏறவில்லை. பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

ஒயரை உருவினான்.

சத்தமில்லை.

சொருகி மறுபடி உருவினான். கீழே கடையில் யாரோ காயிலைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு அசைவும் இல்லை. பச்சை விளக்கு அவனைப் பார்த்து எரிந்தது. ஒயரை மேசைமேல் வைக்கப் போனவன் கை தவறித் தரையில் போட்டான். குனிந்து எடுக்கவில்லை.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று தேடினான். முதலில் சந்தேகப்பட்டது சிப்பை. பிறகு அதைச் செய்த சீனாக்காரனை. பிறகு கம்பெனியில் முன்பு இருந்து, சம்பளம் பத்தாமல் சென்னைக்குப் போய்விட்ட சூர்யபிரகாஷை. இப்படி எல்லோரையும் சந்தேகப்பட்டு முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. அம்மா கொடுத்துவிட்ட சாப்பாடு திறக்காமல் கிடந்தது. பிறகுதான் சிப்பின் கம்பிக் கால்களில் எதை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தான். டிரைவர் இறங்கியபின் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். சுவிட்சுக் காலுக்கு எதிரே ஒரு பேர், விளக்குக் காலுக்கு எதிரே ஒரு பேர். இரண்டும் அவன் வைத்த பேர்கள்.

டிரைவர் உள்ளே வரும்போது தனக்கு வேண்டிய கால்களைத் தன் பேரில் பிடித்துக்கொள்ளும். போகும்போது அதன் பேரில் இருப்பதையெல்லாம் சிஸ்டமே விடுவித்துவிடும். எழுதுகிறவன் மெனக்கெட வேண்டாம். சோம்பேறிகளுக்கென்று யாரோ நல்ல மனிதர் செய்துவைத்த ஏற்பாடு அது. வேல்பாண்டிக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. ஆனால் டிரைவரின் பேரைப் போட வேண்டிய இடத்தில் அவன் பெட்டியின் பேரைப் போட்டிருந்தான். ஒரே ஒரு வார்த்தை. இரண்டு வரியிலும் அதே வார்த்தை. முதல் வரியிலிருந்து இரண்டாவதுக்கு நகலெடுத்து ஒட்டியிருந்தான்.

டிரைவர் இறங்கிவிட்டது. பெட்டி எங்கும் போகவில்லை. ஆகவே யாரும் எதையும் விடுவிக்கவில்லை. திரும்பி வந்த டிரைவருக்கு இடமில்லை. பழைய டிரைவர் ஏற்றிவைத்த விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மாரீஸ்வரி பார்த்தது அந்த விளக்கை.

அவன் எழுந்து நின்றான். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. திரும்ப உட்கார்ந்தது மூன்று கால் நாற்காலியில். நாற்காலி சாய்ந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. கழற்றி வந்தது ஒரு பெட்டியைத்தான். மற்ற இருபத்து மூன்றும் இந்த நிமிடம் மில்லில் இருக்கின்றன.

“அண்ணே,” என்றான், இருளப்பசாமியை மறுபடி போனில் கூப்பிட்டு. “எல்லா மெஷின்லயும் இப்ப பச்ச எரியுதா?”

“எரியுது தம்பி. ஏன்?”

“அதுல ஒண்ணுகூட காவலுக்கு இல்லண்ணே. மாட்டுன அன்னிக்கி மொத ஷிப்டு மட்டுந்தான் இருந்துச்சு. நீங்க மொத தடவ எறக்கி ஏத்துனதுலருந்து இல்ல.”

“புரியற மாதிரி சொல்லுங்க.”

“திருவில்லிபுத்தூர் பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்காகல்ல? துண்டு போட்ட ஆளு எறங்கிப் போயிட்டாரு. துண்டு கெடக்கு. அடுத்து ஏறுறவன் ஆளு இருக்குன்னு நெனச்சுத் திரும்பிப் போயிருதான். சீட்டுல ஒருத்தரும் இல்ல. வெறுந்துண்டு.”

“யாரு துண்டு?”

“எந் துண்டுதாண்ணே.”

போனில் இரைச்சல் குறைந்தது; இருளப்பசாமி மெஷின்களை விட்டுத் தள்ளி வந்திருக்க வேண்டும்.

“தெனம் மூணு தடவ நாந்தான தம்பி ஏத்துனேன்,” என்றார் பிறகு. “பச்ச எரியுது, தொறங்கன்னு அந்தப் பிள்ளைக கிட்ட நாந்தான சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

“இப்ப எல்லாத்தையும் கரண்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பொறவு நான் சொல்ற வரைக்கும் எறக்காதீய.”

“உற்பத்திக் கணக்கு போயிரும்ல?”

“போயிரும்ணே.”

“சரி, வைங்க.”

அரைமணி கழித்து அவரே கூப்பிட்டார். இருபத்து மூன்றையும் அணைத்துப் போட்டாகிவிட்டது. மாஸ்டர் அவரை எல்லார் முன்னாலும் வைத்துப் பேசிய பேச்சை இருளப்பசாமி சொல்லவில்லை. “ஒவ்வொண்ணா மூடியத் தொறந்து பாத்தேன் தம்பி, நிக்குது” என்று மட்டும் சொன்னார்.

தங்கப்பாண்டியனிடம் சொல்லி, செய்தும் காட்டினான். இறக்கி, ஏற்றி, ஒயரை உருவினான். அவர் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவைச் சாத்தினார். பிறகு கதவைத் திறந்து வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி சாத்தினார்.

“எம்புட்டு நேரமாகும் சரிபண்ண?”

“ரெண்டு வார்த்த அண்ணாச்சி. மாத்தியாச்சு.”

“ரெண்டு வார்த்தயா?” என்றார். சட்டைப் பையைத் தடவினார். அதில் எதைத் தேடினார் என்று அவருக்கே தெரியவில்லை.

வேல்பாண்டி ரிப்போர்ட் எழுதினான். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வந்தது. தங்கப்பாண்டியன் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார். “இம்புட்டையும் அங்க எவன் படிப்பான்? தமிழ்ல நாலு வரி எழுது. உண்மைய எழுது, வேண்டாங்கல.” அவர் அப்படிச் சொல்வார் என்று வேல்பாண்டி எதிர்பார்க்கவில்லை. மனசு இளகிவிட்டது. ‘பெட்டியின் பாகங்களில் பழுது இல்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது உண்மை. நான் எழுதிய டிரைவரின் தவறே விபத்துக்கு முழுக் காரணம்’ என்று எழுதினான்.

“கம்பெனி ரிப்போர்ட்டுல ‘நான்’ வரலாமா? என்ன, லவ் லெட்டரா எழுதுத? ‘நான் எழுதிய’ங்கிறத மட்டும் தூக்கிரு.”

தூக்கினான். தூக்கும்போது ஒரு ஆறுதலும் இருந்தது. டிரைவர்தானே தவறு செய்தது. தன் பேர் கீழே கையெழுத்தில் மட்டும் இருக்கும். ரொம்ப நேரம் அதைப் பற்றி யோசிக்கக் கூடாதென்று உடனே கையெழுத்துப் போட்டு, அரசாங்கப் பரீட்சையில் பாஸான மாதிரி அடியில் ஒரு கோடும் இழுத்தான்.

மறுநாள் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். நாலு சாத்துக்குடி வாங்கியிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றபிறகுதான், சாத்துக்குடி உரிக்க இரண்டு கை வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

மாரீஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை, கட்டுப் போட்டுத் துணித்தொட்டிலில் தொங்கியது.

“வாங்க சார். புதுப் பேரு என்ன வச்சிருக்கீக?”

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்கத் தொடங்கினான். தோல் கையோடு வராமல் துண்டு துண்டாகப் பிய்ந்தது.

“பச்ச எரிஞ்சது நெசந்தான்க்கா,” என்றான். “எரிஞ்சுச்சு. நான் பாத்துட்டேன். தப்பு எங்க மேல. எம் மேல. எழுதிக் குடுத்துட்டேன்.”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

“கையெழுத்துப் போட்டா?”

“போட்டு.”

“நேத்து மில்லுலருந்து ரெண்டு பேரு வந்தாக. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, வெளக்கு எரிஞ்சுச்சான்னு மூணு தடவ கேட்டாக. மூணாவது தடவ எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார். வெரலு போன வலியில பச்சயக் கனவு கண்டுட்டமோன்னு.” பக்கத்துக் கட்டில் பெண் திரும்பிப் பார்த்தாள். மாரீஸ்வரி அவளிடம், “கேட்டியளா மயினி, எரிஞ்சுச்சாம்” என்றாள். பிறகு இடது கையை நீட்டி ஒரு சுளையை வாங்கிக்கொண்டாள்.

“பிஞ்ச நூல ஒட்டணும்னா ஆள்காட்டி வெரலும் பெருவெரலும் சேந்து முறுக்கணும்,” என்றாள் மென்றுகொண்டே. “அது இனி ஏலாது. நூல் கோன் பேக்கிங்ல போடச் சொல்லிக் கேக்கணும். ஓட்டு மை வைக்கிறது இடது கையிலதான். அதுக்குக் கொறை இல்ல.”

வேல்பாண்டி சிரிப்பதா என்று தெரியாமல் அடுத்த சாத்துக்குடியை எடுத்தான். நாலையும் உரித்துவைத்துவிட்டுத்தான் கிளம்பினான்.

மூன்று வாரம் கழித்து, திருத்திய டிரைவரை ஏற்ற மில்லுக்குப் போனான். வழக்கமான புதுப்பிப்பு என்று தங்கப்பாண்டியன் மில்லுக்குச் சொல்லியிருந்தார். வாசலை ஒட்டி டைம் ஆபீஸ். அதன் சுவரில் விரல் வைக்கும் வருகைக் கருவி, அதற்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை. கேட் பாஸுக்காக நின்றவன் சும்மா பலகையைப் பார்த்தான். தன் பேர் தெரிந்தது.

‘பெட்டி நிறுவனத்தின் பொறியாளர் திரு. வேல்பாண்டி எழுத்துமூலம் அளித்துள்ள அறிக்கையின்படி, பெட்டியின் பாகங்களில் பழுது இல்லை. டிரைவரின் தவறே விபத்துக்கு முழுக் காரணம். எனவே 14ஆம் எண் இயந்திரத்தை ஓட்டிவந்த மாரீஸ்வரி பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.’

இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை எழுத்துகள் நகர்ந்தன. பச்சை விளக்கைப் பற்றிய வரியைக் காணவில்லை.

டைம் ஆபீஸ் ஜன்னலுக்குள் முத்துவீரன் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வருகிறவர்கள், நிற்கிறவர்கள் பேர்களை ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு.

“சார், இது தப்பு. டிரைவர்னா ஆளு இல்ல. பெட்டிக்குள்ள இருக்கிற புரோகிராம். நான் எழுதுனது.”

முத்துவீரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “மெஷின ஓட்டுனது யாரு சார்?”

“அந்தக்காதான். ஆனா…”

“ஓட்டுறவுகள டிரைவர்னு சொல்லாம வேற என்னன்னு சொல்வாக?” அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

வேல்பாண்டி தள்ளி நின்று முதலாளிக்குப் போன் போட்டான்.

“நீ எழுதுனதுல ஒரு எழுத்துகூட நான் கூட்டலயே தம்பி,” என்றார் தங்கப்பாண்டியன்.

“‘நான் எழுதிய’ன்னு இருந்துச்சு. அதத் தூக்கச் சொன்னீக.”

“தூக்குனது யாரு?”

வேல்பாண்டி பலகையில் இருந்த தன் பேரைத் திரும்பிப் பார்த்தான்.

“அங்க வேலையப் பாத்துட்டு வா. பொறவு பேசுவம்,” என்றார் அவர், பிரியமாகவே.

போனை இறக்கியபோது பின்னால் மாரீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் பலகையைப் பார்க்கவில்லை. முன்பே படித்திருக்க வேண்டும்.

“எரிஞ்சுச்சுன்னுதான எழுதுனீக?” என்று கேட்டாள்.

“எழுதுனேன்க்கா.”

“அது அதுல இல்லயே.”

“திரும்ப எழுதித் தாரேன்க்கா. இன்னிக்கே. விளக்கமா.”

அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா, அவனால் கண்டுகொள்ள முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள். “அண்ணே, எம் பேர எடுத்துருங்க. பேண்டேஜ் கம்பெனியில பேக்கிங்குக்கு வரச் சொல்லியிருக்காக. பி.எஃப்.ல இங்க பேரு இருக்க வரைக்கும் அங்க ஏத்த முடியாதாம். கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குதாம்.”

“எடுத்துருவம்மா. ஒரு நிமிசம்.” முத்துவீரன் எண்ணைத் தட்டினார். ‘நீக்கு’ என்ற கட்டத்தை அமுக்கினார்.

சுவரில் இருந்த கருவி விழித்துக்கொண்டது. கண்ணாடிக்கு அடியில் பச்சையாக வெளிச்சம் வந்தது. உள்ளிருந்து ஒரு பெண்குரல், “பதிவு செய்த விரலை வைக்கவும்” என்றது.

மாரீஸ்வரி இடது கை ஆள்காட்டி விரலை வைத்தாள். பொருந்தவில்லை என்றது. வலது பெருவிரலை வைத்தாள். பொருந்தவில்லை.

முத்துவீரன் எட்டிப் பார்த்தார். “ஏத்துன வெரலத்தாம்மா வைக்கணும். அதத்தான் கேக்கும்.”

“ஏத்துன வெரலு இதுதாண்ணே,” என்றாள் அவள், துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டி.

முத்துவீரன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரையைப் பார்த்தார். விரல் இல்லாமல் பேரை எடுக்கத் திரையில் வேறு கட்டம் இல்லை. வேல்பாண்டி கருவியின் பக்கம் ஓரடி எடுத்துவைத்து நின்றுவிட்டான்.

மாரீஸ்வரி துணியின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். சுற்றுகளை ஒவ்வொன்றாக இடது கையில் வாங்கிக்கொண்டாள். ஆள்காட்டி விரலின் அடிக்கணு மட்டும் தையல் தழும்போடு சிவந்து, பளபளப்பாக இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

“விரலை வைக்கவும்,” என்றது குரல்.

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவளுக்குப் பின்னால் மத்தியான ஷிப்டுக்காரர்கள் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அடியில் பச்சை எரிந்துகொண்டே இருந்தது.